காய்ச்சலே இல்லையே, சிஸ்டர்!

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் எங்களிடம் உறவினர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். "உடம்பு சுடவே இல்லையே, ரத்தத்துல கிருமின்னு எப்படிச் சொல்றீங்க?" பெரும்பாலும் கேட்பவர் குழந்தையின் அம்மாச்சி. பிள்ளைகளை வளர்த்த அனுபவத்தில் கேட்கிறார், நியாயமான கேள்வி. நின்று பதில் சொல்லத்தான் வார்டில் நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நேற்றுவரை நன்றாகக் குடித்த பிள்ளை இன்று பால் குடிக்காது. கை கால் துவண்டிருக்கும், உள்ளங்கால் சில்லென்று இருக்கும். ரத்தத்தில் கிருமி பரவி உடம்பையே பாதிக்கும் செப்சிஸ் பல நேரம் இப்படித்தான் வருகிறது. பெரியவர்கள் உடம்பில் கிருமி புகுந்தால் வெள்ளணுக்கள் டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்கும், காய்ச்சல் ஏறும். பிறந்த குழந்தையின் வெள்ளணுக்களுக்கும் கிருமியை அடையாளம் காணத் தெரியும். அதற்கான ஏற்பிகள் பிறக்கும்போதே இருக்கின்றன. ஆனால் அடையாளம் கண்ட பிறகு டிஎன்எஃப் குறைவாகத்தான் சுரக்கிறது. உடம்புச் சூட்டைத் தக்கவைக்கும் கொழுப்பும், குறைமாதக் குழந்தைக்குச் சொற்பம்.

"எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. கருப்பையில் அழற்சி மூண்டால் பிரசவமே முன்கூட்டி நடந்துவிடும். பிறந்த சில மணி நேரத்தில் தோலிலும் குடலிலும் நல்ல பாக்டீரியாக்கள் குடியேற வேண்டும், அவற்றோடெல்லாம் சண்டை போட முடியாது. அடங்கியிருப்பதில் அந்த உடம்புக்கு லாபம் இருக்கிறது. கெட்ட கிருமி ரத்தத்தில் இறங்கும்போதுதான் அதே அடக்கம் ஆபத்தாகிறது.

கிருமியை விழுங்கி அழிக்கும் வெள்ளணு வகையான நியூட்ரோபில் விஷயம் இன்னும் கடினம். பிறந்த குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் அவற்றின் இருப்பு குறைவு, கிருமி பெருகினால் வேகமாகத் தீர்ந்துவிடும். அதனால் ரிப்போர்ட்டில் வெள்ளணு கூடியிருப்பதைவிடக் குறைந்திருந்தால்தான் எங்களுக்குப் பயம். அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பி ஏறவும் அரை நாளுக்கு மேல் ஆகலாம். முதல் ரிப்போர்ட் நார்மல் என்றாலும் மறுநாள் திரும்ப ரத்தம் எடுப்பது அதற்காகத்தான்.

"சக்தி ஊசி ஏதாவது போடக்கூடாதா?" என்பார்கள். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2011-இல் வெளியான ஐனிஸ் ஆய்வில் ஒன்பது நாடுகளின் 3,493 குழந்தைகளுக்கு, ஆன்டிபயாடிக்கோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியோ வெறும் மருந்துப் போலியோ கொடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் இறந்தவர்கள், பெரிய குறைபாட்டோடு இருந்தவர்கள் எல்லோரையும் சேர்த்தால் இரண்டு பக்கமும் 39 சதவீதம். விலை உயர்ந்த ஊசிக்காக நகையை அடகு வைக்கத் துடிக்கும் அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்தான் என் நினைவுக்கு வரும்.

காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி கதை வேறு. பிறந்த எலிக்குட்டிகளுக்குப் போட்டால் சில நாட்களில் நியூட்ரோபில்கள் பெருகிச் செப்சிஸிலிருந்து காக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் டென்மார்க் வகை பிசிஜி போட்டதில் முதல் மாத மரணம் குறைந்தது. புதுச்சேரியிலும் சென்னையிலும் ரஷ்ய வகையைப் போட்டுப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. வித்தியாசம் ஊசியிலா, இங்கிருக்கும் கிருமிகளிலா? இதை நம் ஊரிலேயே தீர விசாரிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, இன்றைக்குக் கையில் இருப்பது என்ன? சீம்பால். அதிலுள்ள ஐஜிஏ, லாக்டோஃபெரின் என்ற கிருமி எதிர்ப்புப் புரதங்கள் வேறு எதிலும் அப்படிக் கிடைக்காது. தயவுசெய்து சேனை வைக்காதீர்கள், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். அப்புறம் கங்காரு பராமரிப்பு. எடை குறைந்த குழந்தையைப் பிறந்ததும் தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்தால் உயிரிழப்பு கால்வாசி குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆய்வு காட்டியது. இந்தியாவும் அதில் இருந்தது. அப்பாவும் உட்காரலாம், அம்மாச்சியும் உட்காரலாம். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வாருங்கள், உள்ளே விடுகிறோம்.