அம்மாவின் இரண்டு கைகள்

செப்டம்பர் 8

இந்த செமஸ்டருக்கான வேலையை சார் இன்று கொடுத்துவிட்டார். ஒரே பொருளை ஒருமுறை களிமண்ணிலும் ஒருமுறை காகிதத்திலும் செய்ய வேண்டும். எனக்கு உடனே தோன்றியது அம்மா பூக்கட்டும் கை. எத்தனையோ வருடமாக அந்தக் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். ஆனால் எந்த விரல் என்ன செய்கிறது என்பதை இன்று ராத்திரி வரைய உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். இடது கை பூவின் காம்புகளைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறது. நாரைச் சுற்றுவது, சுருக்குப் போடுவது, இழுப்பது எல்லாம் வலது கை.

செப்டம்பர் 11

மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலையை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். 1959-இல் வைத்த சிலை; செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வெண்கலம்தான், ஆனால் வெண்கலச் சிலையும் முதலில் மண்ணில் பிறந்ததுதானே! பாறையை நெம்பும் அந்த நான்கு பேரின் கைகளில் எங்கே எலும்பு தெரிகிறது, எங்கே சதை இறுகுகிறது என்று மட்டும் வரைந்துகொண்டு வந்தேன்.

செப்டம்பர் 15

கொசப்பேட்டை. நவராத்திரி நெருங்கிவிட்டதால் தெரு முழுக்கக் கொலு பொம்மைகள். ஒரு வீட்டு வாசலில் அச்சில் வார்த்த பொம்மையின் இரண்டு பாதிகளையும் குழைத்த சேறு தடவி ஒட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். என் வேலையைச் சொன்னேன். "மண்ண அவசரப்படுத்தாத பாப்பா. காஞ்சிடுச்சான்னு பாக்கணும்னா கன்னத்துல வச்சுப் பாரு. சில்லுனு இருந்தா உள்ள ஈரம் இருக்கு" என்றார். குறிப்பேட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 19

இடது கையை முடித்துவிட்டேன். அம்மாவின் கை மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை 17 செ.மீ.; அதே அளவில்தான் செய்தேன். மண் பாதி காய்ந்து தோல்போல் இறுகும் தோல்பதத்துக்கு வந்ததும் கையை நூலால் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, சுவர் எங்கும் விரல் கனத்துக்கு வரும்படி பார்த்து மறுபடி ஒட்டினேன். கட்டைவிரலின் அடிமேட்டை மட்டும் அதிகம் குடைய மனம் வரவில்லை. அம்மாவின் கையிலேயே அழகான இடம் அதுதான். கூடவே அதே மண்ணில் ஒரு சின்ன வில்லை தட்டி, அதில் சரியாக 10 செ.மீ.க்கு ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். எவ்வளவு சுருங்குகிறது என்று அது சொல்லும்.

அக்டோபர் 6

சூளை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

850 டிகிரி வரை போய், ஆறி, இன்று காலை திறந்தோம். கட்டைவிரல் மேடு வெடித்து மூன்று துண்டாகக் கிடந்தது. குடையாமல் விட்ட அதே இடம். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கனமான மண்ணுக்குள் அதற்கு வழி ஏது? உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்த நான் கட்டைவிரலை வைத்துப் பார்க்கவில்லை. நாள் முழுக்க யாருடனும் பேசத் தோன்றவில்லை.

வில்லையில் இருந்த கோடு 9.1 செ.மீ. ஆகியிருந்தது. அப்படியென்றால் கை பதினைந்தரை. வீட்டுக்கு எடுத்து வந்ததும் அம்மா அதைத் தன் இடது கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். "பூக்கட்டக் கத்துக்கிட்டப்போ என் கை இவ்வளவுதான்டீ இருந்திருக்கும்" என்றாள். உடைந்த துண்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

அக்டோபர் 8

பச்சை மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் தண்ணீரில் போட்டால் திரும்பக் களிமண்ணாகிவிடும். சுட்டதை அப்படி மீட்க முடியாது. ஆனால் சுட்ட மண்ணைப் பொடித்துப் புது மண்ணில் கலந்தால் மண் அதிகம் சுருங்காது, ஈரம் வெளியேறவும் வழி கிடைக்கும் என்று சார் சொன்னார். முழுக்கையை இடிக்க மனம் வரவில்லை. வெடித்த மூன்று துண்டுகளை மட்டும் அம்மியில் இடித்துச் சலித்து, புது மண்ணோடு கலந்து மிதித்தேன். சுருங்கிய பிறகு 17 வர வேண்டும் என்று அளவு இந்த முறை 18.7 செ.மீ. பொடி கொஞ்சம்தான் என்பதால் பழைய சுருக்கக் கணக்கையே வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 17

மண் கை காயும்வரை வலது கை, காகிதத்தில்.

காகிதத்துக்குள் கம்பி தங்கலாம். மண்ணுக்குள் கம்பி வைத்தால் மண் சுருங்கும், கம்பி சுருங்காது, விரிசல்தான் விழும். இங்கே கட்டுக்கம்பியை விரல் விரலாக முறுக்கி, சுண்டுவிரலைக் காற்றில் நீட்டியே விடலாம். நாரை இழுக்கும்போது அம்மாவின் சுண்டுவிரல் அப்படித்தான் நீளும். மண்ணில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்கிறேன். கிழித்த ஓரத்தில் நார் பிசிறி நிற்பதால் அடுத்த துண்டோடு தடம் தெரியாமல் ஒட்டிக்கொள்கிறது. சதை வர வேண்டிய இடத்துக்கு மட்டும் ஊறவைத்து அரைத்த கூழ். மைதா பசையில் பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தம் (விஷம், அதனால் கையுறை போட்டுத்தான்).

அக்டோபர் 23

நாலு நாளாக மழை. ஐந்தாவது அடுக்கு காயவே இல்லை, புளித்த வாடை வருகிறது. ஃபேனுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 3

இரண்டாவது மண் கை முழுசாக வெளியே வந்தது! இந்த முறை விரல் இடுக்கு வரை கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சூளையில் வைத்தேன்.

நவம்பர் 6

காகிதக் கை ஃபேன் காற்றுக்கே சாய்ந்துவிடுகிறது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஞாபகம் வந்தது. மேலே காகிதக் கூழ், அடியில் கனத்துக்குக் களிமண். அதனால்தான் தட்டினாலும் எழுந்து நிற்கிறது. மணிக்கட்டுக்குள் மண் உருண்டை ஒன்றைக் காயவைத்துப் பொருத்தினேன். நிற்கிறது.

வண்ணம் பூசப்போவதில்லை. புறங்கையில் நரம்பு ஓடும் இடத்தில் விளம்பரப் பக்கத்தின் 'வாடகைக்கு' என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

நவம்பர் 9

நாளை சமர்ப்பிக்க வேண்டும். இரண்டையும் மேசையில் எதிரெதிரே வைத்தேன். பிடிக்கும் கை மண், சுற்றும் கை காகிதம். நான் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது என்று தோன்றுகிறது.

இரண்டுக்கும் நடுவே நிஜமாகவே நாலு கண்ணி பூக் கட்டித் தருகிறேன் என்றாள் அம்மா. வாழைநாரை நனைத்தால்தான் கட்ட வரும்; காகித விரலுக்கோ ஈரம் ஆகாது. வெள்ளை நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள்.