கையெழுத்துக்கு முன் ஒரு வாக்கு

மதுரையில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். அண்ணன் மகன் அமெரிக்காவில் விமானம் ஓட்டுகிறான். ஊருக்கு வந்தால் நாங்கள் இருவரும் சலிக்காமல் பேசுவது தொழிற்சங்கத்தைப் பற்றித்தான்.

அங்கே விமானிகளுக்கு எல்லாமே சீனியாரிட்டி. எந்த விமானம், எந்த ஊர், எப்போது விடுப்பு என்பதெல்லாம் பட்டியலில் உள்ள இடத்தைப் பொறுத்தது. வழித்தடத்துக்காக மல்லுக்கட்டிய எனக்கு அது எளிதில் புரிந்தது. புரியாதது வாக்கெடுப்புதான். சங்கத் தலைவர்கள் பேசி முடித்த ஒப்பந்தம் உறுப்பினர்களின் வாக்குக்கு வருகிறது. 2022 நவம்பரில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகளில் 94 சதவீதம் பேர் தங்கள் சங்கம் கொண்டுவந்த வரைவையே நிராகரித்தார்கள். “அப்படியானால் சங்கம் உடைந்துவிட்டதா?” என்று கேட்டேன். “இல்லை சித்தப்பா, அதன் பிறகுதான் நிர்வாகம் இறங்கி வந்தது” என்றான். மறு ஆண்டு வந்த ஒப்பந்தத்துக்கு 97 சதவீதம் ஆதரவு.

எங்கள் பணிமனையில் கதை வேறு. சென்னையில் 12(3) ஒப்பந்தம், அதாவது அரசின் சமரச அதிகாரி முன்னிலையில் போடும் ஊதிய ஒப்பந்தம், கையெழுத்தாகும். மறுநாள் டீக்கடைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வோம். வாயிற்கூட்டத்தில் கையெழுத்திட்ட சங்கம் வெற்றி என்னும், இடாத சங்கம் துரோகம் என்னும். என் பணிக்காலத்தில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டப்படி அது எல்லோரையும் கட்டுப்படுத்தியது, பிறகு வேலைக்கு வருபவர்களையும் சேர்த்து. ஆட்சி மாறினால் பலர் சங்கமும் மாறுவார்கள். இதைச் சொன்னால் பழைய தோழர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. அந்தத் தேதியை வைத்தது அரசு. ஆனால் விரிசல் எங்களுக்குள் விழுந்தது. ஒரே பேருந்தில் முன்பே சேர்ந்த ஓட்டுநருக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு, பிறகு வந்த நடத்துநருக்கு இல்லை. கூட்டத்தில் மூத்தவர்கள் நிலுவைத் தொகையைப் பற்றிப் பேச, இளைஞர்கள் பாதியிலேயே எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

அதைச் சொன்னபோதுதான் அவன் 1985ஆம் ஆண்டு யுனைடெட் வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னான். புதிதாக வருபவர்களுக்குக் குறைந்த சம்பளம் என்று நிர்வாகம் கேட்டதை எதிர்த்து, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் 29 நாள் வெளியே நின்றார்கள். பயிற்சி பெற்று வேலைக்குக் காத்திருந்த ஏறக்குறைய 570 பேரில் மிகப் பெரும்பாலோர் மறியல் கோட்டைத் தாண்டவில்லை. பழையவருக்கு ஒன்று, புதியவருக்கு ஒன்று என்ற இரட்டைச் சம்பள முறையை முழுவதுமாகத் தடுக்க முடியவில்லை. அந்தப் புதியவர்களுக்கு நிர்வாகம் உடனே வேலையும் தரவில்லை. ஆனாலும் இன்னும் வராதவனுக்காக வந்தவன் நின்றான் என்பது எனக்குப் பெரிய செய்தி.

வாக்குச்சீட்டை அவன் தெய்வமாக்கவில்லை. அங்கே ஓய்வு வயது 65. அதை நெருங்கியவர்களில் சிலர், கைக்கு வரும் நிலுவையைப் பார்த்து ‘சரி’ என்று குத்திவிடுவார்களாம். இளையவன் அதே ஒப்பந்தத்தில் இன்னும் முப்பது ஆண்டுகள் பறக்க வேண்டும். இருந்தாலும் யார் எந்தப் பக்கம் என்பது கையெழுத்துக்கு முன்பே எண்ணிக்கையில் தெரிந்துவிடுகிறது. எங்களுக்கோ பின்னால் பொருமத்தான் தெரியும்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் பணிமனையில் ஒரு சீட்டு வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கிளைச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை. சென்னைக்குப் போகிறவர் பையில் ஓர் எண்ணிக்கை இருக்கும், அவ்வளவுதான். அவருக்கும் சம்மதம். சந்தா கட்டாதவர்களுக்கும் சீட்டுத் தருவதா என்பதில்தான் இப்போது சண்டை. அண்ணன் மகன் சங்கத்தில் உறுப்பினருக்கு மட்டுமே வாக்கு. எல்லோருக்கும் தர வேண்டும் என்பது என் கட்சி.