குரங்கு அடித்த சாப்பா

சனிக்கிழமை காலை அப்பா மறக்காமல் பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் கிளம்பியது சிங்கப்பூருக்குள்ளேயே இருக்கும் ஹில்வியூவுக்கு. எம்ஆர்டியில் நாலே ஸ்டேஷன்.

"ரயில் ரோட்டுல போறோம்ல. கேட்டா என்ன பண்ணுவே?"

யார் கேட்பது? 2011 ஜூன் 30 அன்று இந்தத் தடத்தில் மலேசியா போன கடைசி வண்டியை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, 24 கிலோமீட்டருக்கு நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை ஆக்கியாயிற்று. அப்பாவுக்கு மட்டும் அது இன்னும் மலேசியாவில் அத்தை இருக்கும் குளுவாங்குக்குப் போகிற வழி.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் காலத்துக் கூத்து அப்படி. மலேசியக் குடிநுழைவு தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலேயே முடிந்துவிடும். சிங்கப்பூர்ச் சோதனை அதற்கப்புறம் எல்லையோரம் உட்லண்ட்ஸில். அதாவது சிங்கப்பூரை விட்டுப் போகாமலேயே மலேசியாவுக்குள் நுழைந்தாயிற்று! பாஸ்போர்ட்டில் மலேசியச் சாப்பாவும், அதாவது முத்திரையும், விழாது. இவர் தஞ்சோங் பகாரில் நின்றபடியே அத்தைக்குப் போன் போட்டு, "மலேசியா வந்துட்டேன், தோசையை ஊத்து" என்பார். அத்தையும் நம்பி ஊற்றுவார். குளுவாங்கில் அந்தத் தோசையைத் தின்றே ஒரு தலைமுறை வளர்ந்தது.

ரயில் மால் பக்கத்து இரும்புப் பாலத்தில் பழைய தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். அப்பா அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் ஒரு சைக்கிள்காரர் மணியடித்து ஓய்ந்தார். "ரயிலே இவ்வளவு அவசரமாப் போனதில்லடா."

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது, மஞ்சள் பையோடு மறுபடி ஏறியது. உள்ளே ஆறு பருப்பு வடை, ஒரு பாஸ்போர்ட்.

அப்பாவின் முதல் கவலை, "குரங்குக்குத் தீனி போட்டா அபராதமாமே? நான் போடலையே, அதுவா எடுத்துக்கிச்சு!"

வடையை முடித்துவிட்டு அது பாஸ்போர்ட்டைப் பிரித்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியது. படத்தைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, திரும்பப் படத்தைப் பார்த்தது. உட்லண்ட்ஸில்கூட இவ்வளவு நிதானமான அதிகாரியை நான் கண்டதில்லை. கடைசியில் ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்து, வடைக்கு ஈடாகாது என்று புல்லில் போட்டுவிட்டது. நான்கு பல் தடம், சுற்றிலும் எண்ணெய்.

ரயில் நின்றதிலிருந்து அப்பா குளுவாங் பக்கம் போகவே இல்லை. எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறி... அதெல்லாம் ஆகாது என்பார். அன்று சாயங்காலம் அத்தைக்குப் போன், ஸ்பீக்கரில்.

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா எனக்குச் சாப்பா அடிச்சிருக்காங்க. யாருன்னு கேளு!"

அத்தை சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். "அதான் சாப்பா அடிச்சாச்சுல்லண்ணே. கிளம்பி வாங்க, மாவு இருக்கு."

பல் தடம் பதிந்ததை வைத்துக்கொண்டு எங்கே கிளம்புவது? புதிதுக்கு எழுதிப்போட வேண்டும், என் செலவில். படம் எடுக்க நாளைக்குத்தான் போகிறோம். நீலச் சட்டைக்கு அப்பா இப்போதே இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.