மண்டபத்தில் கைதானவனுக்கு ஒரு காகிதம்

தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். கிரீன் கார்டு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தவன் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணினான். "அண்ணே, எப்பவாவது கைதாகியிருக்கியான்னு கேட்டிருக்கு. நம்மள அன்னைக்கு மண்டபத்துல வச்சாங்கள்லா, அதெல்லாம் கைதுல சேருமா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. 2013 மே மாதம், எங்கள் ஊரில் பதினெட்டு நாள் குடிதண்ணீர் வரவில்லை. தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது, குழாயில் காற்று வருகிறது. காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தோம் (நான் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டேன், அவன் உட்கார்ந்தான்). போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, மத்தியானம் தக்காளிச் சாதம் கொடுத்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நம்மூரில் இதை யாரும் கைது என்று கணக்கில் வைப்பதில்லை. ஆனால் அங்கே இருக்கிற அவனுடைய வக்கீல், வழக்கு விழுந்துபோயிருந்தாலும் மறைக்கக் கூடாது, 'ஆம்' என்று எழுதி, அது என்ன ஆனது என்பதற்குக் கோர்ட் முத்திரை போட்ட நகலை இணைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். பாஸ்போர்ட் வழியாக வாங்கும் போலீஸ் சான்றிதழ் அவனிடம் இருந்தது. அது போதாதாம்.

அந்தக் காகிதத்துக்காக நான் நாலு மாதம் அலைந்தேன். அதில் மூன்று மாதம் தவறான வாசல்களில் போனது, அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சில நகரங்களில் ஒருவர் பெயரைப் போட்டால் கைது விவரம் வந்துவிடும் என்று தம்பி சொன்னான். எனக்குத் தெரிந்து இங்கே கைது விவரத்துக்கு அப்படிப் பெயர் போட்டுத் தேடும் பொதுப் பட்டியல் கிடையாது. இங்கே எல்லாமே நம்பர்தான். எந்த ஸ்டேஷன், வழக்குப் பதியும்போது அங்கே போட்ட குற்ற எண் எத்தனை, எந்த வருஷம், இந்த மூன்றும் கையில் இல்லாவிட்டால் எந்தக் கதவும் திறக்காது.

முதலில் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கை பார்க்கும் பக்கத்துக்குப் போனேன். மாவட்டத்தைத் தேர்ந்தெடு என்றது. திருநெல்வேலி என்று போட்டால் எங்கள் ஸ்டேஷன் வரவே இல்லை, இணையதளம் கெட்டுப்போச்சு என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, நெல்லை மாநகரம் கமிஷனருக்குக் கீழே தனி, சுற்றுவட்டாரம் எஸ்.பி.க்குக் கீழே தனி, இரண்டும் தனித்தனி மாவட்டமாகத்தான் பட்டியலில் இருக்கும். எங்கள் ஊர் இரண்டுக்கும் எல்லையில் கிடக்கிறது. தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு சிக்கல், 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால் பழைய திருநெல்வேலி மாவட்ட வழக்கை இப்போது அங்கேதான் கேட்க வேண்டியிருக்கும்.

சரி, ஸ்டேஷன் கிடைத்தது. நம்பர் இல்லை. அதோடு, முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2016 செப்டம்பரில்தான். பாலியல் குற்றம், குழந்தைகள் சம்பந்தப்பட்டது, தீவிரவாதம் மாதிரியான வழக்குகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. எங்களுடையது 2013.

நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் மேஜையில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "நம்பர் இருக்கா அண்ணாச்சி? நம்பர் இல்லாம பன்னெண்டு வருஷத்து நோட்ட நான் எங்க போயித் தேட?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் மூன்றாவது தடவை போனபோது வேறொருவர், "யாருக்கு, எதுக்கு, வெளிநாட்டுக்கா?" என்று ஒரு மாதிரி இழுத்தார். அந்த இழுப்பு எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி வந்துவிட்டேன்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் ஊர் மறியலில் இன்னார் கைதான விவரம் வேண்டும் என்று என் பெயரில் மனு போட்டேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், இருபத்தெட்டாம் நாள் வந்தது: மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜே)-யின்படி தர இயலாது. கூடப்பிறந்த தம்பி எனக்கு மூன்றாம் நபர்! கோபமாகத்தான் இருந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரன் என்னைப் பற்றிக் கேட்டால் இதே பதிலைத்தானே எதிர்பார்ப்பேன். மனுவை அவன் பெயரில், அவன் கையெழுத்தோடு போட்டிருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடிமகன்தானே. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது, நான் போகவில்லை, அதற்குள் வேறு வழி திறந்துவிட்டது.

திறந்தது டீக்கடையில். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்த ஒரு பெரியவர், கட்சிக்காரர், டீக்கடையில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ஏல, அந்தக் கேசுல நான்தாம்ல ஏ1, சம்மன் எனக்குல்லா வந்தது" என்றார். ஏ1 என்றால் முதல் குற்றவாளியாகப் பெயர் சேர்க்கப்பட்டவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குக் கூட்டிப்போய், டிரங்குப் பெட்டியில் பத்திரத்துக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு சம்மன். அதில் குற்ற எண் இருந்தது. சட்டவிரோதமாகக் கூடியதற்கு 143, வழிமறித்ததற்கு 341, இந்திய தண்டனைச் சட்டம். (இப்போது நடந்திருந்தால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 189, 126 என்று போட்டிருப்பார்கள்.) மொத்தம் பதினான்கு பேர். எட்டாவது என் தம்பி.

அவனுக்குப் போன் பண்ணினேன். "எனக்குச் சம்மனே வரலியே" என்றான். மண்டபத்தில் ஏதாவது கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஒரு பேப்பர்ல எல்லாரும் போட்டோம். நான் சாப்பாட்டுக் கணக்குன்னு நெனச்சேன்."

அது வக்காலத்து, எனக்காக நீ ஆஜராகலாம் என்று வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கிற காகிதம். கட்சி வைத்த வக்கீல் பதினான்கு பேருக்கும் சேர்த்து அன்றைக்கே வாங்கி வைத்திருக்கிறார்.

நம்பர் கிடைத்ததும், கோர்ட் வழக்குகளின் நிலவரம் பார்க்கிற இ-கோர்ட்ஸ் தளத்தில் போலீஸ் ஸ்டேஷனையும் குற்ற எண்ணையும் வருஷத்தையும் போட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை என்றது. இங்கேதான் ரொம்பப் பேர் திரும்பிவிடுவார்கள். கீழே நிலுவையில் உள்ளவை, முடிந்தவை என்று தனித்தனியாக இருக்கும், நான் நிலுவையில் மட்டும் தேடியிருந்தேன். முடிந்தவை என்று மாற்றியதும் வந்துவிட்டது. பதினாறு எழுத்தில் ஒரு சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கிற அடையாள எண்), வழக்கு எண், எந்த நடுவர் (மாஜிஸ்திரேட்) கோர்ட், எந்தத் தேதியில் முடிந்தது, எல்லாம். அரசுத் தரப்பே வழக்கை வாபஸ் வாங்கியிருக்கிறது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், பெயர் என்ற இடத்தில் ஏ1 பெயரை மட்டும் போட்டு 'மற்றும் பலர்' என்று முடித்திருந்தார்கள். முன்னாடி இதே தளத்தில் தம்பி பெயரைப் போட்டு நான் தேடிய தேடலெல்லாம் ஏன் வெறுமனே போனது என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் அந்தப் 'பலரில்' ஒருவன்.

அதற்குப் பிறகு ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. ஸ்டேஷனில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை நடுவர் கோர்ட்டுக்கும் போயாக வேண்டும், அதனால் அறிக்கை, குற்றப்பத்திரிகை, கடைசி உத்தரவு மூன்றும் கோர்ட்டில் இருக்கிற வழக்குக் கட்டிலேயே (ஃபைலிலேயே) இருக்கும். பாளையங்கோட்டையில் அந்தப் பழைய வக்கீலைப் பிடித்தேன். வக்காலத்து கட்டிலேயே இருந்ததால் அவர் பெயரிலேயே நகல் மனு போட்டோம். சம்பந்தமில்லாத ஆள் கேட்டால் காரணம் சொல்லித் தனியாக மனுப் போட்டு நீதிபதி அனுமதி வாங்க வேண்டும் என்றார் குமாஸ்தா. உண்மையில் வேலையை நடத்தியது அந்தக் குமாஸ்தாதான், கட்டு ரெக்கார்டு ரூமில் எந்த அடுக்கில் கிடக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற ஆள். சின்ன வழக்குகளின் கட்டுகளைச் சில வருஷம் கழித்து அழித்துவிடுவார்கள் என்று பயமுறுத்திக்கொண்டே இருந்தார். "அழிச்சிருந்தா அழிச்சாச்சுன்னு எழுத்துல வாங்கிருவோம், அதுவும் ஒரு ரெக்கார்டுதான்" என்று அவரே தேற்றவும் செய்தார். அழிக்கவில்லை. ஐந்து வாரத்தில் பதினொரு பக்கம் கைக்கு வந்தது.

இடையில் ஒரு விஷயம். இது பழைய வழக்கு. இன்றைக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் இவ்வளவு சுற்ற வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 37-ம் பிரிவின்படி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத்திலும் இதற்கென்று ஒரு அதிகாரி இருக்க வேண்டும், கைதானவர் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பதை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். போர்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். விடாமல் வைத்திருந்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்பதால் மறுநாள் கோர்ட்டிலும் தெரிந்துவிடும்.

பதினொரு பக்கத்தையும் படித்துப் பார்த்தேன். நாலரை மணி நேரம் மறியல் என்று எழுதியிருந்தார்கள், ஏ1 பெரியவர் முக்கால் மணி நேரம்தான் என்கிறார். தம்பி வயதில் இரண்டு கூட்டி, அப்பா பெயரை வெறும் இனிஷியலாகப் போட்டிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அவனுக்காக நான் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிப்போக, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சம்பந்தப்பட்டவன் கையெழுத்துதான் வேண்டும் என்று திருப்பிவிட்டார். அதை அவனே அங்கே நோட்டரி முன்னால் போட்டுக்கொண்டான். நான் கோர்ட் நகலை மட்டும் கூரியரில் அனுப்பினேன். கைதானதுண்டா என்ற இடத்தில் 'ஆம்' என்று டிக் அடித்து, காரணம் என்ற கட்டத்தில் 'குடிதண்ணீர்' என்று எழுதியிருக்கிறான்.