அது எண்ணெய் இல்லை, தம்பி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாளும் தாமிரக் கம்பி, வார்னிஷ் வாடை. ஞாயிறு மட்டும் மலை. வீட்டில் இதற்குப் பைத்தியம் என்று பெயர்.

தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிறு மச்சினனோடு ஏற்காடு கிளம்பினேன். முந்தைய நான்கு நாளும் நல்ல மழை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியை மேகத்துக்குள்ளேயே கடந்தோம். இடையில் ஒரு வளைவில் மட்டும் திரை விலகி, கீழே மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளைக் குவியல்கள் தெரிந்தன. ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி எதற்கும் நிற்கவில்லை. ஊரைத் தாண்டி ஜீப் போகிற வரை போய், அப்புறம் நடை.

எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே பத்துப் பேர் ரீல்ஸ் எடுக்க வந்து நிற்பார்கள். மச்சினனுக்குத் தெரிந்த மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவர் வழிகாட்ட வந்தார். வனத்துறையிடம் அனுமதி வாங்கியதும் அவர் மூலமாகத்தான்.

முதல் ஒரு மணி நேரம் காபித் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் ரோடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர், இன்று மலை முழுக்க இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. காபிக் காய்கள் பாதி பச்சை, பாதி சிவப்பு. தோட்டம் முடிந்து காட்டு ரோடு தொடங்கியதும் அட்டைகளும் தொடங்கின. நான் உப்பு மூட்டை கொண்டு போயிருந்தேன். பெரியவர் வெறுங்காலோடு நடந்தார். அவரை ஒன்றுகூடத் தொடவில்லை, அல்லது அவர் கண்டுகொள்ளவில்லை.

மேலே ஏறினால் மரமே இல்லை. பரந்த புல்வெளி, மேகம், காற்று. காலுக்கடியில் ஓட்டை ஓட்டையாகச் செம்பாறை. பாக்சைட், அதாவது அலுமினியம் எடுக்கிற தாது, கிடைப்பது இதில்தான்; இந்த மலையில் வெட்டித்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். மழைத்தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியே இறங்கி, அடியில் இருக்கும் களிமண்ணில் முட்டி நின்றுவிடும். பெரியவர் ஒரே வரியில் சொன்னார்: “மேல சல்லடை, கீழ சட்டி.” அந்தச் சட்டி நிரம்பித் தண்ணீர் கசியும் பள்ளங்களில்தான் சதுப்பு.

தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி, உட்கார்ந்து தட்டுவடை செட் சாப்பிடத் தோன்றும். நான் குறுக்கே போனேன். மூன்றாவது எட்டில் இடது கால் முழங்கால் வரை இறங்கியது. இழுத்தேன், கால் வந்தது. ஷூ வரவில்லை. மச்சினன் சிரித்த சிரிப்பில் உதவி எதுவும் கிடைக்கவில்லை.

“பாய் மாதிரி இருக்கற எடத்துல கால வைக்காத. குத்துக் குத்தா நிக்குது பாரு கோரை, அது வேர் மேல வெச்சு வா” என்றார் பெரியவர். கையிலிருந்த தடியை முன்னால் ஊன்றி, அது நின்றால்தான் எட்டு வைத்தார். ஷூவை அவரே தடியால் கிளறி எடுத்துக் கொடுத்தார். அதற்குள் அரைப்படி சேறு.

கொஞ்ச தூரத்தில் காட்டுமாட்டுக் குளம்புத் தடங்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர். ஒரு தடத்தில் தண்ணீர் மேலே, பாலாடை மாதிரி, வானவில் நிறத்தில் பளபளவென்று ஓர் ஆடை. எனக்குப் பழகிய பளபளப்பு! “இங்க எவன் வந்து டீசல் ஊத்தினான்?” என்று கோபமாகவே கேட்டுவிட்டேன்.

“அது எண்ணெய் இல்ல, தம்பி” என்று தடி நுனியால் தொட்டார். ஆடை கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்தது. துண்டுகள் மூலைக்கு மூலை மிதந்தன, ஒன்றுசேரவில்லை. எண்ணெயாக இருந்தால் தடியை எடுத்த நொடியே கூடியிருக்கும்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். செம்பாறையில் இரும்பு ஏராளம். காற்றுப் புகாத சேற்றில் அது தண்ணீரோடு கரைந்து வரும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகும். அதிலேயே பிழைக்கிற நுண்ணுயிரிகளும் உண்டு. அந்தத் துருதான் மெல்லிய ஆடையாக மிதக்கிறது. தடத்தின் அடியில் செங்காவி நிறத்தில் பஞ்சு மாதிரி படிந்திருந்ததும் அதுதான். நான் தினமும் சுரண்டுகிற துருவே அங்கே அத்தனை அழகாய் இருந்தது.

இறங்கும்போது பள்ளத்தின் விளிம்பில் ஓர் ஊற்று, விரல் பருமனில். பெரியவரின் ஊருக்குக் குடிக்க அதுதான் என்றார். மூவரும் கை குவித்துக் குடித்தோம். பல் கூசியது.

திங்கட்கிழமை கடை வாசலில் மழைத்தண்ணீர் தேங்கி, அதே வானவில். ஸ்க்ரூடிரைவரால் கீறிப் பார்த்தேன். பிரிந்து, உடனே கூடிக்கொண்டது. கையில் ஃபேனோடு நின்றிருந்தவர், “அண்ணே, இது எப்ப ரெடியாகும்?” என்றார்.