கால் விரலையும் பாருங்க டாக்டர்

"வலிக்குதாண்ணே?"

"இல்லம்மா, நீ பாட்டுக்கு பண்ணு."

இன்னைக்கு ராயபுரத்துல ஒரு பல் கிளினிக். நாற்காலியில காசிமேட்டுல வலை இழுக்குற அண்ணன். வாய் இல்லைன்னு சொல்லுது, கால் கட்டைவிரல் ரெண்டும் உள்ளே மடங்கிக் கிடக்கு.

பயிற்சி டாக்டரோட கண்ணு பல்லைத் தாண்டல. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, பல்லைப் பார்க்கத்தானே பழக்கியிருக்கோம்.

கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு நரம்பு பிளாக் (நரம்பை மரக்க வைக்குற ஊசி) போட்டா உதடு மரத்துரும். அதை நம்பித்தான் டிரில்லை எடுக்குறாங்க. பல்லுக்குள்ள நரம்பு ஏற்கெனவே வீங்கிக் கொதிச்சுட்டு இருந்தா, உதடு மரத்தும் பல் மரக்காம இருக்கும். பஞ்சுல கோல்ட் ஸ்ப்ரே, அதான் சில்லுன்னு குளிர வைக்குற ஸ்ப்ரே, அடிச்சு பல்லுல வெச்சுப் பாருங்க. சுருக்குன்னா பல் இன்னும் மரக்கல. கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, இல்லன்னா பல்லைச் சுத்தி கூடுதல் ஊசி.

அந்த ஊசியையும் ஒரு மில்லி மருந்துக்கு ஒரு நிமிஷம்னு மெதுவா போடணும். வேகமா அழுத்துனா மருந்தே வலிக்கும்.

வாயைத் திறந்து வெச்சிருக்குறவர் பேச முடியாது. புருவ நடுச் சுருக்கம், இறுகுற இமை, நாற்காலிக் கைப்பிடியைப் பிடிச்ச விரல், நின்னுபோற மூச்சு, இதையெல்லாம் பார்க்க அசிஸ்டென்ட்டையும் பழக்கணும். அவங்களுக்குத்தான் முழு ஆளும் தெரியும்.

கேள்வியையும் மாத்துங்க. "வலிக்குதா?"ன்னா நம்மூர் ஆம்பளைங்க இல்லைன்னுதான் சொல்வாங்க. "அழுத்துற மாதிரி இருக்கா, சுருக்குனு இருக்கா?"ன்னு கேளுங்க.

வலிச்சா இடது கையைத் தூக்கச் சொல்லுங்க. தூக்குனா உடனே நிறுத்துங்க. "இதோ முடிஞ்சிருச்சு"ன்னு ஒரு தடவை ஓட்டிட்டீங்கன்னா, மறுபடி அந்தக் கை எழும்பாது.