பால் கொடுக்கும் அரை மணி நேரம்

மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகள் வளரும் வெளிநாட்டுக் காப்பகம் ஒன்றுக்குப் போகிறவர்கள், போன முதல் நாளே ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவசர நிலையில் ஒரு குழந்தை இருந்தால் ஒழிய, அது வேண்டாம். முதல் நாள் ஒரு வேளை பால் கொடுப்பதை, பவுடர் கலக்குவதில் தொடங்கிப் புட்டியைக் கழுவிக் கவிழ்ப்பது வரை, ஓரமாக உட்கார்ந்து முழுவதும் பாருங்கள். பேச வேண்டாம், திருத்த வேண்டாம். அண்ணப்பிளவு, பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவும் தசைக் கட்டுப்பாடும் கெடுவது), இதயக் குறைபாடு என்று எதனோடு வந்த குழந்தையானாலும், அது ஏன் தேறவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்துக்குள் இருக்கிறது.

முதலில் பால் பவுடர் டப்பா. எத்தனை மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று அதில் எழுதியிருக்கிறது? சில பிராண்டுகளில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி, வேறு சிலவற்றில் 60 மில்லிக்கு ஒரு கரண்டி. நன்கொடையாக வரும் டப்பாக்கள் பல நாட்டுச் சரக்கு. ஒரு டப்பா தீர்ந்ததும் அதன் கரண்டியை அடுத்த டப்பாவில் போட்டுக்கொண்டால் பாலின் அடர்த்தி இரு மடங்காகலாம், பாதியாகவும் குறையலாம். அடர்த்தி கூடினால் உடலில் நீர் வற்றி உப்பு ஏறும். நீர்த்துப்போனால் எடை ஏறாது. உப்பு அளவு இறங்கி வலிப்பே வரலாம். மாதக் கடைசியில் பவுடர் தட்டுப்படும்போது தண்ணீரைக் கூட்டிக் கலக்குவதும் நடக்கும். அதைக் குற்றம்போல் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். "மாதத்துக்கு எத்தனை டப்பா வாங்குகிறீர்கள்?" என்று கேட்டு, குழந்தைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கணக்கு தானே பேசும்.

பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீரில் கலந்து, ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வழிகாட்டியது. கொதித்த தண்ணீரை 30 நிமிடத்துக்கு மேல் ஆறவிட்டால் அந்தச் சூடு இருக்காது. இரவு வேளைக்கான பாலை மாலையிலேயே கலந்து மேசைமேல் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைத்திருந்தால், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்குக்கு வேறு காரணம் தேடும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து புட்டியின் நிப்பிள். சீக்கிரம் முடியட்டும் என்று சூடான ஊசியால் ஓட்டையைப் பெரிதாக்கியிருப்பார்கள். பால் சொட்டாமல் ஒழுகும். விழுங்கும் வேகத்துக்கு மேல் வாய்க்குள் பால் விழுந்தால் குழந்தைக்குப் புரையேறும், நுரையீரலில் சளி கட்டும். பிறகு ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுப்போம். மாற்ற வேண்டியது நிப்பிள்.

அண்ணப்பிளவு உள்ள குழந்தையால் உறிஞ்ச முடியாது. மேலண்ணம் மூடாததால் வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தம் உருவாவதில்லை. சாதாரணப் புட்டியைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் சப்பிக் களைத்துத் தூங்கிவிடும். குடித்தது 20 மில்லிகூட இருக்காது. இதற்கென ஒருவழி வால்வு வைத்த புட்டிகள் உண்டு. அவை கிடைக்காத இடத்தில் மெல்லிய, அமுக்கினால் குழையும் பிளாஸ்டிக் புட்டி போதும். குழந்தையை 45 டிகிரிக்கு மேல் நிமிர்த்திப் பிடித்து, அது சப்பும் தாளத்துக்கு ஏற்ப அமுக்கிவிட வேண்டும். காற்றையும் சேர்த்து விழுங்குவதால் இடையில் இரண்டு மூன்று முறை தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்ய வேண்டும். மூக்கு வழியாகக் கொஞ்சம் பால் வந்தால் பயப்பட வேண்டாம், நிறுத்தித் துடைத்துவிட்டுத் தொடரலாம். 30 நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் நீண்டால், குடித்ததில் கிடைத்த சக்தி குடிக்கும் உழைப்பிலேயே போய்விடும்.

உதட்டுப்பிளவு அறுவைக்குப் பழைய பத்துகளின் விதி ஒன்றுண்டு: 10 வாரம், 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரை கிலோ, ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10 கிராம். இன்றும் பல இடங்களில் இதை வைத்துத்தான் தேதி கொடுக்கிறார்கள். எடை ஏறாத குழந்தைக்குத் தேதி தள்ளிப்போகும், அண்ணத்தை மூடுவதும் தள்ளிப்போகும், அது தாமதமானால் பேச்சு கெடும். இத்தனையும் ஒரு புட்டியில் தொடங்குகிறது.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளின் அறையில் பார்ப்பது மனத்தை உலுக்கும். மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலை பின்னால் தொங்க, பெரிய கரண்டியால் கூழை வேகமாக ஊட்டுவார்கள். ஐந்து நிமிடத்தில் கிண்ணம் காலியாகும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் வராது. கண்ணில் நீர் கோர்ப்பது, குரல் ஈரமாகக் களகளப்பது, மூச்சின் சத்தம் மாறுவது, மாதாமாதம் நெஞ்சுச்சளி வருவது, இவைதான் தடயங்கள். சரியான முறை: உடம்பு நிமிர்ந்து, இடுப்பு நழுவாமல், தலை சற்றே முன்னோக்கி இருக்க வேண்டும். சிறு கரண்டியைத் தாடைக்குக் கீழிருந்து கொண்டுவந்து நாக்கின்மேல் லேசாக அழுத்தி, உதடு மூடக் காத்திருந்து, விழுங்கிய பிறகே அடுத்த வாய். மேலுதட்டில் தேய்த்து இறக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்தும் 30 நிமிடம் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டால் ஒன்றும் மாறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பராமரிப்பாளருக்கு 6 குழந்தைகள், ஒருவருக்கு 30 நிமிடம், நாளைக்கு 4 வேளை: 12 மணி நேரம். துணி துவைப்பதும் குளிப்பாட்டுவதும் இன்னும் தொடங்கவே இல்லை. அந்தப் பெண் அவசரப்படுவது அக்கறையின்மையால் அல்ல. அவளைப் பிழைபிடிக்க வருகிற விருந்தினரை அவள் ஏற்கெனவே பலமுறை பார்த்திருப்பாள். மாற்ற வேண்டியது வேலைமுறை. யாருக்குப் புரையேறும் ஆபத்து அதிகம் என்று இரண்டு மூன்று குழந்தைகளை அடையாளம் கண்டு, அவர்களுக்கு மட்டும் வேறு நேரத்தில் ஊட்டலாம். நிமிர்ந்து உட்கார வைக்கும் மூலை இருக்கைகளை உள்ளூர்த் தச்சரிடம் செய்யச் சொல்லலாம். பணம் இருந்தால் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் இன்னொருவரை வேலைக்கு வைக்க உதவலாம். நான்கு பெட்டி பொம்மைகளைவிட இது பெரிய கொடை.

எடை பார்க்கும் முன் தராசைச் சோதியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. துணியில்லாமல், அதே தராசில், அதே வேளையில், வாரம் ஒருமுறை. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. கைகால் மடங்கிப்போன பிள்ளைகளின் உயரத்தை நீட்டி அளக்க முடியாது. முழங்காலுக்கும் குதிகாலுக்கும் இடையிலான நீளமும் மேற்கைச் சுற்றளவும் பயன்படும். தலையில் நீர் கோர்த்த குழந்தைக்கு நீளாத நாடாவால் தலைச்சுற்றளவை மூன்று முறை அளந்து பெரியதை எழுதுங்கள். ஷண்ட், அதாவது அந்த நீரை வடிக்கும் குழாய், வைத்த குழந்தை வாந்தி எடுத்து, உச்சிக்குழி புடைத்து, தூங்கி வழிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை இரவுப் பணியில் இருப்பவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறக்கும் குறைபாடு, உள்ள குழந்தைகள் இருக்கும் இடத்துக்குப் பலூன் கொண்டுபோகவே கூடாது. இவர்களில் பலருக்கு லேட்டக்ஸ் என்னும் இயற்கை ரப்பர் ஒவ்வாமை உண்டு. கையுறையும் லேட்டக்ஸ் இல்லாததாக இருக்க வேண்டும். கால்களில் உணர்வு இல்லாததால் வெந்நீர் சுட்டாலும் குழந்தை அழாது. குளிப்பாட்டும் முன் முழங்கையை நீரில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அங்கே விட்டுவிட்டு வந்தாலே போதும்.

மருந்து கொண்டுபோவதில் நல்லெண்ணம் அதிகம் கெடுதி செய்யும். வலிப்புக்கு அந்த ஊரில் விற்காத ஒரு மருந்தைத் தொடங்கி, மூன்று மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால், நான்காம் மாதம் அது திடீரென நிற்கும். வலிப்பு மருந்தைச் சட்டென நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். அங்கே மாதாமாதம் வாங்கக்கூடியதா, யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள். காலாவதிக்கு ஓராண்டாவது மீதம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நன்கொடை வழிகாட்டிகளும் சொல்கின்றன. இன்னொரு நாட்டில் மருத்துவம் பார்க்க அந்த நாட்டின் பதிவும் அனுமதியும் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

போகிறவர்களுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியும் கக்குவான் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். நமக்கு வெறும் ஜலதோஷமாக இருப்பது இதயக் குறைபாடுள்ள கைக்குழந்தையைத் தீவிர சிகிச்சைக்கு அனுப்பிவிடும். தும்மல் இருந்தால் அன்று உள்ளே போகாதீர்கள்.

வாசலிலேயே ஒரு குழந்தை ஓடிவந்து கால்களைக் கட்டிக்கொள்ளும். நெஞ்சு இளகும். ஆனால் முன்பின் தெரியாத எவரையும் அப்படிக் கட்டிக்கொள்வது, நிலையான ஒருவர் இல்லாமல் வளரும் குழந்தைகளிடம் காணப்படும் குறி. ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000-களில் காப்பகக் குழந்தைகள் 136 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பத்துக்கு, அதுவும் இரண்டு வயதுக்கு முன், போனவர்கள் பிணைப்பிலும் அறிவு வளர்ச்சியிலும் மேலாக இருந்தார்கள். வாரக்கணக்கில் தூக்கிக் கொஞ்சிவிட்டு மறைந்துபோகும் முகங்களில் நாமும் ஒன்றாகிவிடக் கூடாது. கொஞ்சுவதைப் பராமரிப்பாளரிடம் விட்டுவிட்டு, அவருக்கு நேரம் கிடைக்க நாம் துணி மடித்துக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு கோப்பிலும் ஒன்றைத் தேடுங்கள்: பெற்றோர் இருக்கிறார்களா? காப்பகக் குழந்தைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடுதான் இருக்கிறார்கள். சிகிச்சைக்குப் பணமில்லாமல் ஒப்படைத்தவர்கள் உண்டு. அறுவைக்கான உதவி வீட்டுக்கே போயிருந்தால் குழந்தை அங்கேயே வளர்ந்திருக்கும். வறுமை மட்டுமே குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டிகள் சொல்கின்றன. அந்த வீட்டுக்குப் போய்ப் பேச உள்ளூர்ச் சமூகப் பணியாளர் இருக்கிறாரா, அவர் போய்வரும் செலவுக்கு வழி உண்டா என்று இயக்குநரிடம் கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாது. அவர் இரவுப் பணியாளருக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கூட இருந்து பாருங்கள். எந்தப் படி விட்டுப்போகிறது என்று அப்போதுதான் தெரியும். விட்டுப்போன படியையே அவர்கள் மொழியில், படத்தோடு, பால் கலக்கும் மேசைக்கு மேல் ஒட்டுங்கள். மாற்று நிப்பிள்களை எண்ணி வையுங்கள். ஒட்டிக்கொள்ளவோ வெடிக்கவோ தொடங்கினால் மாற்ற வேண்டும் என்றும், தராசுக்கு எந்த பேட்டரி என்றும் அதே தாளில் எழுதுங்கள். பிறகு வாரந்தோறும் குழந்தைகளின் படங்களைக் கேட்காதீர்கள். எடையைக் கேளுங்கள்.